சேற்றில் கிடக்கும் கணக்கு: இங்கிலாந்தின் ஃபென் நிலமும் மகரந்தத் துகள்களும்

லண்டன் கிங்ஸ் குறொஸ் நிலையத்திலிருந்து வடக்கே போகும் ரயில் பீற்றர்பரோ நகரை நெருங்கும்போது, பாதையோரத்தில் வெள்ளைத் தண்டுள்ள பேர்ச் மரங்கள் அடர்ந்த ஒரு காடு வரும். ஹோம் ஃபென் என்பது அதன் பெயர். அந்தக் காட்டுக்குள் ஓர் இரும்புத் தூண் நிற்கிறது. நிலத்திலிருந்து அதன் தலை சுமார் நான்கு மீற்றர் உயரம். 1851ஆம் ஆண்டு அந்தத் தூணை இறக்கியவர்கள், அடியிலுள்ள களிமண்வரை செலுத்தி, தலை தரையோடு தரையாக இருக்கும்படி விட்டார்கள். அதன்பிறகு தூணை எவரும் மேலே இழுக்கவில்லை. சுற்றியிருந்த நிலம்தான் இறங்கிப் போயிருக்கிறது.

போன கோடை விடுமுறையில் மூன்று குடும்பங்களாக, சோற்றுப் பொதியும் கட்டிக்கொண்டு அங்கே போயிருந்தோம். தூணைச் சுற்றி ஓடி விளையாடிய பிள்ளைகள் ஆளுக்கொரு கேள்வி கேட்டார்கள். "அப்ப, இஞ்ச முதல் முதல் ஆர் இருந்தது?" என்பது அவற்றில் ஒன்று. எங்கள் வீடுகளில் அந்தக் கேள்விக்கு ஒரு தனிப் பாரம் உண்டு. வணிகமாணிப் பட்டத்தோடு ஊரை விட்டு வந்து, இங்கே பிறருடைய கணக்குப் புத்தகங்களைச் சரிபார்த்துப் பிழைக்கும் எங்களுக்கு மண்ணியல் தெரியாது. ஆனால் ஒரு பதிவேட்டை எவ்வளவு நம்பலாம், எந்தப் பக்கம் கிழிந்திருக்கிறது, எதை அது சொல்லும், எதைச் சொல்லாது என்று பார்ப்பதுதான் எங்கள் தொழில். அந்தக் கண்ணோடு வாசித்து அறிந்தவற்றை இங்கே தருகிறோம்.

ஃபென் என்றால் என்ன

கேம்பிரிட்ஜ்சயர், லிங்கன்சயர், நோர்ஃபோக் ஆகிய மாவட்டங்களில், வொஷ் என்ற விரிகுடாவைச் சுற்றிச் சுமார் 3900 சதுர கிலோமீற்றர் பரப்பில் கிடக்கும் தட்டை நிலம்தான் ஃபென். இன்று அது கறுப்பு மண் வயல். நாம் கடைகளில் வாங்கும் கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு, செலரி போன்றவற்றில் பெரும்பங்கு அங்கே விளைகிறது. நானூறு ஆண்டுகளுக்கு முன்பு அது நாணலும் கோரையும் ஆழமில்லாத ஏரிகளும் நிறைந்த சதுப்பு. விலாங்கு பிடித்தும் நாணல் வெட்டியும் மக்கள் வாழ்ந்த இடம்.

அந்தக் கறுப்பு மண்ணை ஆங்கிலேயர் பீற் என்கிறார்கள். செத்த நாணலும் கோரையும் பாசியும் தண்ணீருக்கு அடியில் விழும்போது, அங்கே ஒட்சிசன் இல்லாத காரணத்தால் பற்றீரியாக்களால் அவற்றை முழுதாக மக்க வைக்க முடிவதில்லை. பாதி மக்கியபடி அவை ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும். ஆண்டுக்கு ஒரு மில்லிமீற்றர் என்பது ஏறத்தாழ அதன் வேகம். ஒரு மீற்றர் சேர ஆயிரம் ஆண்டு. கீழே போகப் போகப் பழையது, மேலே வர வரப் புதியது. தேதி வரிசையில் எழுதிய ஒரு நாளேடு.

எழுதியது யார் என்றால், காற்று. ஒவ்வோர் இளவேனிலிலும் மரங்களும் புற்களும் கோடிக்கணக்கில் மகரந்தத்தை விடுகின்றன. நம்மில் பலருக்குத் தும்மலும் கண் எரிச்சலும் கொண்டுவரும் அதே தூள்தான். ஒரு துகள் ஒரு மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு முதல் பத்தில் ஒரு பங்கு வரை இருக்கும். அதன் வெளிச்சுவர் ஸ்போரோபொலெனின் என்ற பொருளால் ஆனது. அமிலத்துக்கும் அசையாத பொருள் அது. ஈரச் சேற்றில் விழுந்துவிட்டால் பத்தாயிரம் ஆண்டு கழித்தும் அதன் வடிவம் குலையாது. பைன் துகளுக்கு இரு பக்கமும் காற்றுப்பை உண்டு. புல்லின் துகள் ஒற்றைத் துளையுள்ள பந்து. நுணுக்குக்காட்டியின் கீழ், பழகிய கண்ணுக்கு ஒவ்வொன்றும் தனி முத்திரை.

எண்ணும் முறை

இந்த முத்திரைகளை எண்ணி ஒரு நிலத்தின் வரலாற்றை எழுதலாம் என்று காட்டியவர் லெனார்ட் ஃபொன் போஸ்ற் என்ற சுவீடன் நாட்டுப் புவியியலாளர். 1916இல் ஒரு மாநாட்டில் அவர் தன் மகரந்த வரைபடங்களை முன்வைத்தார். மாநாடு நடந்த கிறிஸ்தியானியா நகரம், இன்று நம்மவர்கள் பல்லாயிரம் பேர் வாழும் ஒஸ்லோதான்.

முறை இப்படி. அரை உருளை வடிவான ஒரு குழாய்க் கருவியைக் கையால் சேற்றுக்குள் அழுத்தித் திருப்பி, குலையாத மண்தூணாக அரை மீற்றர் அரை மீற்றராக வெளியே எடுப்பார்கள். ஆய்வுகூடத்தில் சில சென்ரிமீற்றருக்கு ஒரு தடவை, ஒரு கன சென்ரிமீற்றர் அளவு மண்ணை வெட்டி எடுத்து, காரத்தில் கொதிக்கவைத்துக் கறுப்புச் சாயத்தைக் கழுவி, ஐதரோபுளோரிக் அமிலத்தால் மணலைக் கரைத்து, வேறோர் அமிலக் கலவையால் செல்லுலோசை நீக்குவார்கள். மிஞ்சுவது பெரும்பாலும் மகரந்தம். அதிலிருந்து ஒரு மாதிரிக்கு 300 முதல் 500 துகள் வரை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எண்ண வேண்டும். நூறு மாதிரி என்றால் மாதக்கணக்கில் நுணுக்குக்காட்டியின் முன் குந்தியிருக்கும் வேலை. ஆண்டிறுதிக் கணக்கு முடிக்கும் இரவுகள் எங்களுக்கு ஞாபகம் வந்தன.

ஒரு சங்கதி எங்களை மிகவும் கவர்ந்தது. மண் மாதிரியைக் கழுவத் தொடங்கும்போதே, கிளப் மொஸ் என்ற தாவரத்தின் வித்திகள் அடங்கிய ஒரு வில்லையை அதில் போட்டுவிடுகிறார்கள். வில்லையில் எத்தனை வித்தி இருக்கிறது என்பது முன்கூட்டியே தெரியும். உதாரணத்துக்குப் பத்தாயிரம் என்று வைப்போம். எண்ணி முடிக்கும்போது அதில் நூறும் ஓக் மகரந்தம் முந்நூறும் அகப்பட்டால், மாதிரியில் இருந்த ஓக் மகரந்தம் முப்பதாயிரம். கழுவும்போது எவ்வளவு சிந்தினாலும், இரண்டும் ஒரே விகிதத்தில்தானே சிந்தும். கணக்காய்வாளர் வைக்கும் சரிபார்ப்புத் தொகை போன்ற ஏற்பாடு.

இது ஏன் தேவை? வெறும் விகிதாசாரத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்து போவோம். ஒரு கடையில் அரிசி விற்பனை பாதியாகக் குறைந்தால், சீனி ஒரு கிலோகூட அதிகம் விற்காமலே சீனியின் பங்கு உயர்ந்ததாகத் தெரியும். அதேபோல, பைன் குறைந்தால் ஓக் கூடியதுபோல் வரைபடம் காட்டும். மரங்களும் ஒரே மாதிரி எழுதுவதில்லை. காற்றில் விடும் பைன், பேர்ச், ஹேசல் எல்லாம் தேவைக்கு மேல் எழுதித் தள்ளும். தேனீயை நம்பிய லைம் மரம் (நம்முடைய தேசிக்காய் அல்ல, ஐரோப்பியக் காட்டு மரம்) மிகக் குறைவாகவே எழுதும். ஆகவே லைம் மகரந்தம் நூற்றுக்கு ஐந்து என்று கண்டால், காட்டில் அதன் பங்கு அதைவிட நிறையவே இருந்திருக்கும்.

தேதி போடுவது வேறு வேலை. சிக்காகோவில் வில்லார்ட் லிபி 1949இல் காட்டிய கதிரியக்கக் காபன் முறைதான் இன்றைய ஆதாரம். செத்த இலையில் உள்ள காபன் 14 அணுக்கள் 5730 ஆண்டுகளில் பாதியாகும். மிச்சம் எவ்வளவு என்று அளந்தால் வயது வரும். வளிமண்டலத்தில் அந்தக் காபனின் அளவு எக்காலத்திலும் ஒன்றாக இருந்ததில்லை. அதனால் மரவளையங்களோடு ஒப்பிட்டு அந்த வயதைத் திருத்த வேண்டும்.

கொட்வின் வாசித்த பக்கங்கள்

ஃபென் நிலத்தை இப்படி வாசிக்கத் தொடங்கியவர்கள் கேம்பிரிட்ஜ் தாவரவியலாளர் ஹரி கொட்வினும் அவருடைய மனைவி மார்கரெட்டும். 1932இல் தாவரவியல், தொல்லியல், புவியியல் ஆட்கள் சேர்ந்து ஃபென்லாந்து ஆய்வுக் குழுவை அமைத்தார்கள். இளம் தொல்லியலாளர் கிரஹாம் கிளார்க் அதன் செயலாளர். 1934இல் ஷிப்பியா ஹில் என்ற இடத்தில், பீக்கொக் என்பவரின் பண்ணையில் அவர்கள் தோண்டிய குழி இன்றும் பேசப்படுகிறது. அடிப் பீற்றில் வேட்டையாடி வாழ்ந்தவர்களின் கற்கருவிகள். அதே பீற்றில் அதற்கு மேலே முதல் விவசாயிகளின் மட்பாண்டம். அதற்கு மேலே ஒரு களிமண் படை. களிமண்ணுக்கு மேல் மறுபடியும் பீற், அதில் வெண்கலக் காலத்தவர்களின் பொருட்கள். காபன் முறை பிறக்காத காலத்தில், எது முன், எது பின் என்பதை மண்ணே சொன்னது.

மகரந்தம் இந்தப் படைகளுக்கு உயிர் கொடுக்கிறது. பனியூழி சுமார் 11,700 ஆண்டுகளுக்கு முன் முடிந்தபின் முதலில் பேர்ச், பைன். பிறகு ஹேசல், எல்ம், ஓக், லைம். கடல் மட்டம் உயர்ந்துகொண்டே வந்ததால் ஆறுகள் வடிய வழியில்லாமல் தேங்கின. காட்டின் காலடியில் தண்ணீர் ஏறியது. மரங்கள் நின்றபடியே செத்து விழுந்தன. ஐயாயிரம் ஆண்டு பழைய அந்தக் கறுத்த ஓக் தண்டுகளில் இன்றும் உழவு இயந்திரங்கள் முட்டுகின்றன. 2012இல் கிடைத்த ஒன்றிலிருந்து 13 மீற்றர் நீளமான மேசை செய்திருக்கிறார்கள். களிமண் படையில் உப்புச் சதுப்புச் செடிகளின் மகரந்தம் வருகிறது. கடல் உள்ளே வந்து தங்கியிருந்ததற்கு அதுவே சாட்சி. அதன்மேல் திரும்ப நன்னீர்ப் பீற். கடல் பின்வாங்கிவிட்டது.

கடல் பற்றி இன்னொரு சங்கதி. 1931இல் கொலிண்டா என்ற மீன்பிடிப் படகின் வலையில், நோர்ஃபோக் கரைக்கு அப்பால் நடுக்கடலில் ஒரு பீற் கட்டி வந்தது. உள்ளே முள்வெட்டிய மான்கொம்பு ஈட்டிமுனை. அந்தப் பகுதிக் கடலடிப் பீற்றை கொட்வின் ஆராய்ந்தபோது, அது நன்னீர்ச் சதுப்பில் படிந்தது என்று மகரந்தம் காட்டியது. இங்கிலாந்தும் ஐரோப்பாவும் ஒரே தரையாக இருந்த காலத்தின் மண் அது.

எல்ம் மரங்கள் எங்கே போயின

வரைபடங்களில் எல்லோரும் தேடும் கோடு ஒன்று உண்டு. இற்றைக்குச் சுமார் 5800 ஆண்டுகளுக்கு முன், பிரித்தானியா எங்கும் எல்ம் மகரந்தம் திடீரென்று விழுகிறது. பல இடங்களில் அதையொட்டியே பிளான்றெயின் என்ற களைச்செடியின் மகரந்தமும் (வாழை என்று எண்ணவேண்டாம், மேய்ச்சல் தரையில் முளைக்கும் சிறு பூண்டு) தானிய மகரந்தமும் தலைகாட்டும். விவசாயிகள் வந்து, மாட்டுக்குக் குழை வெட்டி எல்மை அழித்தார்கள் என்று முதலில் விளக்கினார்கள். பிறகு 1970களில் டச்சு எல்ம் நோய் வந்து இந்த நாட்டில் 2 கோடிக்கும் அதிகமான எல்ம் மரங்களைக் கொன்றபோது, அன்றும் இப்படி ஒரு நோய் வந்திருக்கலாமே என்ற யோசனை வலுத்தது. லண்டன் ஹாம்ப்ஸ்ரெட் ஹீத்தில், எல்ம் வீழ்ச்சிக்குச் சற்றுக் கீழேயுள்ள படிவில், நோயைப் பரப்பும் அதே வண்டின் எச்சம் கிடைத்திருக்கிறது. நோயும் கோடரியும் ஒன்றுக்கொன்று துணைபோயிருக்கலாம் என்றே எங்களுக்குப் படுகிறது. வெட்டுப்பட்ட மரத்தை வண்டு இலகுவில் பிடிக்கும்.

பிள்ளையின் கேள்விக்கு இங்கேதான் வருகிறோம். தானியத் துகள் பெரியது, கனமானது. தூரம் பறக்காது. அது அகப்பட்டால் அருகில் யாரோ பயிர் செய்தார்கள் என்று ஓரளவு சொல்லலாம். ஓரளவுதான். சில காட்டுப் புற்களின் துகளும் அந்த அளவுக்கு வரும். ஆனால் உழுதவன் என்ன மொழி பேசினான், எந்தத் தெய்வத்தைக் கும்பிட்டான், தன்னை என்ன பெயரால் அழைத்தான் என்று மகரந்தம் ஒருபோதும் சொல்லாது. மண்ணைத் தோண்டி உறுதிப்பத்திரம் எடுக்கலாம் என்று நினைப்பவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள், நம் பக்கத்திலும் எதிர்ப் பக்கத்திலும். இந்தப் பேரேட்டில் நிலம் என்ன ஆனது என்ற பதிவு உண்டு. உரித்து யாருடையது என்ற நிரல் அதில் இல்லை. பிள்ளைக்கு இதைச் சொன்னபோது அவளுக்குத் திருப்தியில்லை. சொல்லப்போனால் எங்களுக்கும் இல்லைத்தான்.

மஸ்ற் ஃபாம்

ஈரச் சேறு மகரந்தத்தை மட்டும் காப்பதில்லை. ஹோம் ஃபென்னுக்கு அருகில், விற்றில்சி என்ற ஊரின் ஓரத்தில் மஸ்ற் ஃபாம் இருக்கிறது. அங்கே கி.மு. 850 அளவில் ஆற்றின்மேல் கால்கள் நாட்டி வட்ட வீடுகள் கட்டியிருந்தார்கள். கட்டி ஓராண்டுகூட ஆகவில்லை. மரங்கள் இன்னும் பச்சை. ஒருநாள் தீப்பிடித்து எல்லாம் ஆற்றுக்குள் விழுந்தது. சேறு மூடியது. 2015, 2016இல் கேம்பிரிட்ஜ் தொல்லியலாளர்கள் தோண்டியபோது துணி, நூற்கண்டு, கோடரி, கண்ணாடி மணி எல்லாம் விழுந்தபடி கிடந்தன. ஒரு கிண்ணத்தில் கோதுமைக் கஞ்சியும், கிண்டிய மர அகப்பையும் அப்படியே. அங்கே எவரும் தீயில் இறந்ததற்கு அடையாளம் இல்லை. ஓடித் தப்பியிருக்கிறார்கள். திரும்பி வந்து எதையும் எடுக்கவில்லை.

1995 ஒக்ரோபர் முப்பதாம் திகதி இரவு, உலையை இறக்காமலே வெளிக்கிட்டு வந்தவர்கள் எங்கள் மூன்று குடும்பங்களிலும் இருக்கிறார்கள். அந்தக் கிண்ணத்தின் படத்தைப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டில் சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை.

கிழிந்த பக்கங்கள்

இந்தப் புத்தகம் ஈரமாக இருக்கும்வரைதான் புத்தகம். 17ஆம் நூற்றாண்டில் வெர்மய்டன் என்ற டச்சுப் பொறியாளர் வாய்க்கால் வெட்டி ஃபென்னை வடிக்கத் தொடங்கினார். பிறகு காற்றாலை, நீராவி, டீசல். ஹோம் ஃபென்னுக்குப் பக்கத்தில் இருந்த விற்றில்சி ஏரி தென் இங்கிலாந்தின் மிகப் பெரிய ஏரிகளில் ஒன்று. 1851இல், லண்டன் மாபெரும் கண்காட்சியில் அவ்வாண்டு காட்டிய அப்போல்ட் பம்பைக் கொண்டு அதை வற்றவைத்தார்கள். வற்றிய சேற்றில் ராம்சி மடாலயத்தின் வெள்ளித் தூபக்கால் கிடைத்தது. இன்று அது லண்டன் விக்ரோறியா அல்பேட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

தண்ணீர் போனதும் பீற் முதலில் சுருங்கியது. பிறகு காற்றுப் பட்டு, ஒட்சிசனோடு சேர்ந்து, நெருப்பில்லாமல் எரிவதுபோல் காபனீரொட்சைட்டாகப் போய்க்கொண்டே இருக்கிறது. ஆழமான பீற் வயல்களில் ஆண்டுக்கு ஒன்று முதல் இரண்டு சென்ரிமீற்றர் வரை போகிறது. சேர்ந்த வேகம் ஒரு மில்லிமீற்றர் என்றால், ஒவ்வோர் ஆண்டும் பத்து, இருபது ஆண்டுக் கணக்கு அழிகிறது. அழிவது மேலிருந்து கீழாக. அதனால் ஃபென்னின் பெரும்பகுதியில் கடைசி இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட பக்கங்கள் ஏற்கெனவே இல்லை. உரோமர் காலமும் அதற்குப் பின்னும் மகரந்தம் என்ன எழுதியது என்று அங்கே எவரும் இனி வாசிக்க முடியாது. எரிந்த நூலகத்தில் என்ன நூல் இருந்தது என்று பட்டியலாவது எடுக்கலாம். இதற்குப் பட்டியலும் கிடையாது. அதேவேளை, உழுதவன் பிழை செய்தான் என்றும் எங்களால் சொல்ல முடியவில்லை. அந்த லீக்ஸைத்தான் நாங்களும் வாங்கிக் கறி வைக்கிறோம்.

இதே முறை நம் தீவுக்கும் போயிருக்கிறது. நுவரெலியாவுக்குத் தெற்கே, 2000 மீற்றருக்கு மேலுள்ள ஹோர்ட்டன் சமவெளிச் சதுப்பில் எடுத்த சுமார் ஆறு மீற்றர் பீற், ஃபொன் போஸ்ற்றின் நாடான சுவீடனுக்குப் போய் ஸ்ரொக்ஹோம் பல்கலைக்கழகத்தில் வாசிக்கப்பட்டது. 2003இல் பிறேமதிலக, றிஸ்பேர்க் இருவரும் வெளியிட்ட அந்த ஆய்வு 24,000 ஆண்டுகள் பின்னே போகிறது. பனியூழியின் உச்சத்தில் அந்த மலை வறண்டு கிடந்ததையும், பிறகு பருவமழை வலுத்ததையும் அது காட்டுகிறது.

ஃபென்னில் மிஞ்சியதைக் காக்கச் சில வேலைகள் நடக்கின்றன. 2001இல் தொடங்கிய கிறேற் ஃபென் திட்டம், ஹோம் ஃபென்னையும் வுட்வோல்ற்றன் ஃபென்னையும் இணைத்துச் சுமார் 3700 ஹெக்ரேயரை மறுபடி ஈரமாக்கப் பார்க்கிறது. நிலத்தை வடிக்காமலே சம்பு போன்ற நீர்ப்பயிரை வளர்த்து விற்க முடியுமா என்றும் அங்கே சோதிக்கிறார்கள். விலை கட்டுப்படியானால்தான் விவசாயி வருவான். கணக்குத் தெரிந்தவர்கள் என்ற முறையில் எங்களுக்கு அதில் கொஞ்சம் சந்தேகம் இருக்கிறது. ஆனால் நனைந்த இடத்தில் எரிதல் குறைகிறது என்பதில் சந்தேகமில்லை.

போகிறவர்கள் ஹோம் தூணைத் தவறவிட வேண்டாம். 1860க்குள் நிலம் ஏறத்தாழ 1.45 மீற்றரும், 1892க்குள் 3 மீற்றரும் இறங்கிவிட்டதாக அளவு இருக்கிறது. இந்த அளவுகளை வைத்து நாங்கள் தூணில் கைவைத்துப் பார்த்தோம். 1892ஆம் ஆண்டின் தரை, கேள்வி கேட்ட பத்து வயதுப் பிள்ளையின் நெஞ்சளவில் இருந்தது. 1860ஆம் ஆண்டின் தரையைத் தொட எங்களில் மிக உயரமானவர் எட்டிப் பார்த்தும் கை போதவில்லை.